நான்காம் ஓடையில் பூஜ்யம்

எரிமலை இன்று மேகத்தைக்
கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறது.
வெளுப்பான் கரைத்த வாளியில்
காலணியை மூன்றாம் முறை முக்குகிறேன்.
கண்ணுக்குப் படாத பூஞ்சை ஒன்று
நம் குதிகாலில் தொற்றிக்கொண்டு
ஓடைவிட்டு ஓடை போகுமாம்.
"காட்டுப்பன்றி எந்த வாளியில் கழுவுகிறது?"
என்கிறான் ஓனோஃப்ரே.
பதில் இல்லை. முக்குகிறேன்.

ஏறுகிறோம்.
குயிலா மூங்கில் இருபக்கமும் அடைத்து நிற்கிறது.
பூத்தால் பஞ்சம் என்பது இங்கும் பேச்சு:
ஆயுளில் ஒருமுறை பூக்கும், விதை கொட்டும், சாகும்.
அந்த விதை தின்று பெருத்த எலிகள்
வீட்டு மாவு மூட்டைக்கு வரும்.
இந்த வருடம் பூக்கவில்லை. குறித்துக்கொள்கிறேன்.
அதற்குமேல் லெங்கா மரங்கள்,
பாசித் தாடி தொங்கவிட்டு
யாரோ கிச்சுகிச்சு மூட்டியதுபோல் காற்றில் நெளிகின்றன.
இடப்பக்கம் ஏரி. எப்போதோ
எரிகுழம்பு ஓடையை அடைத்ததால் வந்த ஏரி.
மூழ்கிய மரங்கள்
விழ மறந்து
தண்ணீருக்குள் நிமிர்ந்தே நிற்கின்றன.

உச்சி வரிசையில் பெவேன்கள்.
கிளையெல்லாம் செதில், செதிலெல்லாம் முள்.
குரங்குகூட ஏற யோசிக்கும் என்று
எந்தக் குரங்கும் இல்லாத இந்நாட்டு மரத்துக்கு
வெள்ளைக்காரன் பேர் வைத்தான்.
காய் முற்ற இரண்டு வருடம்.
கிளிக்கூட்டம் பாதி தின்று பாதி சிந்துகிறது,
சிந்தியதில் சிலது முளைக்கிறது,
கிளிக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை.
சில மரங்களில் கீழ்க்கிளைகள் பழுப்பேறிவிட்டன.
ஏன் என்று ஆய்வகம் இன்னும் சொல்லவில்லை.

பெவேன்சே என்றால் பெவேனின் ஆட்கள்.
அது என் இரத்தத்தில்;
சட்டைப்பையில் அரசாங்க முத்திரை.
போன ஞாயிறு வாசலில் தராசு வைத்து
சித்தப்பா மகன் லின்கோயானின் சாக்கை நிறுத்தேன்.
மூன்று கிலோ கூட.
"கொட்டு" என்றேன்.
கொட்டினான்,
ஒவ்வொரு விதையும் தரையில் விழும் சத்தம் கேட்கும்படி
மெதுவாக.
அதிலிருந்து எல்சிரா என்று அவன் கூப்பிடுவதில்லை.
"அதிகாரி" என்கிறான்.
அதுவும் தேவை இருந்தால்தான்.

நான்காம் ஓடை.
பத்து நிமிடம் அசையாமல் இருந்து
கூப்பிடும் தவளைகளை எண்ண வேண்டும்.
சின்ன மணியை யாரோ
பஞ்சில் சுற்றி அடித்ததுபோல் இருக்கும் அதன் குரல்.
போன மார்ச்சில் ஐந்து.
அதற்கு முந்தியது ஒன்பது.
இன்று தண்ணீர் பேசுகிறது,
எங்கோ மரங்கொத்தி இரண்டு தட்டு தட்டுகிறது,
ஓனோஃப்ரேயின் வயிறு இரைகிறது.
பூஜ்யம் என்று எழுதினேன்.

எழுந்தபோது என் நிழல் பட்டு
ஒரு பழுப்பு இலை துள்ளியது.
கூர்மூக்கு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.
துள்ளி, மல்லாந்து,
நான்கு கால்களையும் விறைத்துச்
செத்துப்போனான்.
பயந்தால் இப்படித்தான் நடிப்பான்.
கறுப்பும் வெள்ளையும் சிதறிய அடிவயிறு
வானத்தைப் பார்த்துக் கிடந்தது.
மூச்சுக்கூட இல்லை.

ஆனால் தோலுக்கடியில்
எதுவோ புரண்டது.
இன்னொன்று அதை இடித்தது.
குரல் ஊதும் பையில் பிள்ளைகளை வைத்திருக்கிறான்:
நான்கா, ஐந்தா.
சுமக்கும் வாரங்களில்
அவன் அதிகம் கூப்பிடுவதில்லை.
வால் உதிர்ந்து கால் முளைத்ததும்
வாய் திறப்பான், குதித்து வெளியே வருவார்கள்.

கையுறை மாட்டியிருந்தேன். தொடவில்லை.
பஞ்சுக்குச்சியைப் பையிலேயே விட்டேன்.
ஓனோஃப்ரே தொப்பியைக் கழற்றிவிட்டு
ஏன் கழற்றினோம் என்று தெரியாமல்
மறுபடி போட்டுக்கொண்டான்.

வானொலி கரகரத்தது:
"நான்காம் ஓடை, எண் சொல்லுங்கள்."
படிவத்தில் கேட்ட குரல்களுக்குத்தான் கட்டம்.
"பூஜ்யம்" என்றேன்.
பிறகு ஓரத்தில்,
ஈரத்தில் ஊறும் பென்சிலால் எழுதினேன்:
ஒருவன். வாய் நிறைய.

திரும்பிப் பார்த்தபோது
பழுப்பு இலைகள் மட்டும் இருந்தன,
எது அவன் என்று தெரியவில்லை.
கீழே முதல் வீட்டுப் புகை ஏறுகிறது.
லின்கோயான் விதை வேகவைக்கிறான்.
இறங்கும் பாதை
அவன் வேலியை ஒட்டித்தான் போகிறது.